இல்ஃபோர்டில் நீ சொன்ன கதைக்கு ஒரு திருத்தம்

மகன்,

கையால் எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, இப்போது போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறுதலாக வாசி. வேலை இடத்தில் வைத்து வாசிக்காதே. அபிராமி பக்கத்தில் இருந்தால் அவளும் வாசிக்கட்டும், உன்னைக் கட்டின நாளில் இருந்து அவளும் இந்த வீட்டுப் பிள்ளைதான். புதன்கிழமை இதையே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். "என்னப்பா, வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்கெல்லாம் சொல்றீங்கள்?" என்று நீ கேட்பாய். இது ஊருக்கு முன்னால் சொல்லப்பட்ட கதை. உன் மாமனார் வீட்டில் இருபது பேர் கேட்டுச் சிரித்த கதை. சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்படியிருக்க, திருத்தத்தை மட்டும் உன் காதுக்குள் குசுகுசுத்துவிட்டுப் போவது நேர்மையில்லை. நேர்மை என்று நான் எழுதுவதே உனக்குப் பகிடியாக இருக்கும், போகப் போகப் பார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், குழுவில் வாசிக்கிறவர்களில் அங்கே வராதவர்களும் இருப்பார்கள். நீயும் அபிராமியும் வியாழக்கிழமை ஒரேயடியாக மெல்போர்னுக்குப் போகிறீர்கள் என்று உன் மாமனார் இல்ஃபோர்ட் வீட்டில் விருந்து வைத்தார். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து இருந்தபோது யாரோ கேட்டார்கள், "இவ்வளவு கெட்டிக்காரப் பெடியன், ஏன் முந்தியே லண்டனை விட்டு வெளிக்கிடேல்லை?" என்று. நீ எழும்பி நின்று, கையையும் தலையையும் ஆட்டி, சிங்கப்பூர்க் கதையை அவிழ்த்துவிட்டாய். பதினொரு வருடத்துக்கு முன் சிங்கப்பூரில் ஒரு பெரிய கம்பனி வேலை. கடைசிச் சுற்று நேர்முகம், வீடியோவில். திரையில் மூன்று பேர். நீ வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வீட்டு ரெலிபோன் அடிக்க, அம்மா எடுக்க, இணையம் செத்துப்போக. அது திரும்ப வர, போன் திரும்ப அடிக்க, அம்மா திரும்ப எடுக்க. "ஒரு ஹலோவால சிங்கப்பூரையே கட் பண்ணினவ எங்கட அம்மா" என்று முடித்தாய். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. உன் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்கள் ரெலிபோன் லைன்காரர்தானே. போனை எடுத்தா இன்ரநெற் விழுமோ? உண்மையோ?" என்று கேட்டார். உண்மையோ என்றே கேட்டார். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "ஓம் ஓம், அந்தக் காலத்துச் செப்பு லைன் அப்பிடித்தான்" என்றேன். நோர்பரி வீட்டுக்கு வந்து சேரும்வரை காருக்குள் என்னை நானே ஏசிக்கொண்டு வந்தேன், வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது.

இனிக் கேள். அந்தக் காலத்துச் செப்பு லைன் அப்படியல்ல. போனை எடுத்தால் இணையம் விழக்கூடாது, விழாமல் இருக்கத்தான் அத்தனை ஏற்பாடும். இருபத்திரண்டு வருடம் நான் சோறு தின்றது அந்தக் கம்பியால். கொஞ்சம் பொறுமையாய் இரு, முழுவதும் சொன்னால்தான் என் கள்ளத்தனத்தின் நீள அகலம் விளங்கும். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஒரு வீட்டுக்கு வருவது இரண்டே இரண்டு மெல்லிய செப்புக் கம்பி, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிலத்துக்குக் கீழாலும் கம்பத்துக்கு மேலாலும் வரும். அதைப் போட்டவர்கள் மனுசர் பேசுவதற்காகப் போட்டார்கள். பேச்சுக்கு அடிமட்டத்து அதிர்வுகள் போதும். அதற்கு மேலே காதுக்கு எட்டாத அதிர்வுகளுக்கு இருந்த இடமெல்லாம் சும்மா கிடந்தது. பிறகு யாரோ மூளைக்காரர்கள் அந்தச் சும்மா கிடந்த இடத்தை நூற்றுக்கணக்கான சிறிய பாதைகளாகப் பிரித்து, இணையத்தை அதற்குள் விட்டார்கள். வீட்டு மோடமும் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பெட்டியும் முதலில் ஒன்றையொன்று கூப்பிட்டு, ஒவ்வொரு பாதையாகச் சோதிக்கும். இதில் இரைச்சல் குறைவா, நிறைய ஏற்று. இதில் கூடவா, கொஞ்சமாய் ஏற்று. இது உதவாதா, விட்டுவிடு. மோடத்தில் பச்சை லைற் மினுங்கி மினுங்கிப் பிறகு அசையாமல் நிற்குமே, அந்த மினுக்கம்தான் இந்தப் பேரம். தூரம் கூடினால் மேல்மட்டத்து அதிர்வுகள்தான் முதலில் களைத்துச் சாகும். அதனால்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குப் படம் ஓட, கடைசித் தெருக்காரன் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் கடைசித் தெரு. எங்கள் வீட்டுக்கு வந்த லைன் நல்ல நாளிலேயே நோயாளி.

ஒரே கம்பியில் கீழே பேச்சு, மேலே இணையம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் பிரித்து வைப்பது ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பில்டர் என்போம். வீட்டில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனைக்கும் சுவரில் ஒவ்வொன்று கொளுவ வேண்டும். அது இருந்தால் போன் அடிக்கலாம், பேசலாம், கொழும்பில் இருக்கிற சித்தியோடு மணிக்கணக்காய் அலட்டலாம், இணையத்துக்கு ஒன்றும் தெரியாது. அது இல்லாவிட்டால் போன் இணையத்தின் பங்கையும் சேர்த்து உறிஞ்சும். அதிலும், போன் அடிக்கும்போது லைனில் வருகிற மின்சாரம் லேசுப்பட்டதல்ல. நான் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது அந்த வீட்டுக்கு அடித்தால் விரல் நுனியில் பூரான் கடித்தது மாதிரி இருக்கும், எத்தனையோ தரம் கடி வாங்கியிருக்கிறேன். பில்டர் இல்லாத வீட்டில் அந்த அடி மோடத்தின் தலையில் விழும். மோடம் பிடியை விட்டுவிடும். பிறகு முதலில் இருந்து பேரம் பேச வேண்டும், இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துப் போனுக்கும் பில்டர் இருந்தது. கொளுவியவன் நான். உன் நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்பு அதைக் கழற்றி எடுத்தவனும் நான்தான்.

எழுதிவிட்டேன். பதினொரு வருடம் வாயில் வராதது விரலில் வந்துவிட்டது.

ஏன் என்று கேட்பாய். அம்மாவுக்காக என்று சொல்லத்தான் இப்போதும் மனம் உன்னுகிறது, அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வந்தேன். அம்மாவுக்குக் கிட்னி போய், திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிஸ் தொடங்கியிருந்த காலம். எனக்கு அதிகாலை ஷிப்ட். அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, திரும்பக் கூட்டிவந்தவன் நீ. நீ சிங்கப்பூருக்குப் போனால் அந்த மூன்று நாளும் என் தலையில் விழும், இரவு பகல் அவளுடைய வருத்தத்தோடும் மருந்தோடும் நான் தனியே இருக்க வேண்டும். அந்தப் பயம் ஒன்று. அதுவும் முழு உண்மையில்லை. நேர்முகத்துக்கு இரண்டு கிழமை முன்பு நான் ஸ்ட்ரெதம் பக்கம் ரோட்டோரத்தில் தோண்டின கிடங்குக்குள் இருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மழை, மேலே சின்னக் கூடாரம், இடுப்புவரை சேறு. நீ மூன்று சிநேகிதப் பெடியங்களோடு அந்தப் பக்கத்தால் வந்தாய். நான் தலையை நீட்டி, "தம்பி!" என்று கூப்பிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவனோடு ஏதோ இங்கிலிஷில் கதைத்துக்கொண்டு போய்விட்டாய். பின்னேரம் நான் கேட்டபோது பஸ்ஸுக்கு அவசரம் என்றாய். நான் விடவில்லை, கிண்டினேன். கடைசியில் கத்தினாய்: "உங்களைப் போல கிடங்குக்குள்ள குந்திக்கொண்டு சீவிக்க என்னால ஏலாது அப்பா. அதுக்குத்தான் போறன்." சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு நீ மாடிக்கு ஏறிப்போனாய். அந்தச் சொல் எனக்குள் புழுவாய் நெளிந்துகொண்டு கிடந்தது. கிடங்குக்குள் இருக்கிறவனால் என்ன ஏலும் என்று இவனுக்குக் காட்டுகிறேன் என்று ஒரு எண்ணம் வந்தது. சீ, பெற்ற தகப்பனுக்கு வரக்கூடிய எண்ணமா? வந்தது.

நேர்முகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ ஜிம்முக்குப் போயிருந்தாய், அம்மா கோயிலில். நான் பில்டரைக் கழற்றி, போனை நேரே சுவரில் கொளுவி, கைத்தொலைபேசியால் வீட்டு நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். மோடத்தின் பச்சை லைற் அணைந்தது. ஒருதரம் பார்த்தது போதும்தானே? ஐந்தாறு தரம் பார்த்தேன். தொழில்காரன், வேலையைச் சுத்தமாய்ச் செய்ய வேண்டுமே! செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு உனக்கு நேர்முகம் என்பது தெரியும், அங்கே அது பின்னேரம். சேர்ட்டும் கழுத்துப்பட்டியும், கீழே பிஜாமாவுமாய் நீ உன் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய் என்று அம்மா பிறகு சொன்னாள். நான் டூட்டிங்கில் மரக்கறிக் கடைக்கு முன்னால் என் வேலை வானை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தேன். ஒன்பது பத்துக்கு அடித்தேன். அம்மா எடுத்தாள். "அந்தப் பிரஷர் குளிசையின்ர பேர் என்ன?" என்று கேட்டேன். அவள் எழும்பி, கண்ணாடி தேடி, மருந்துப் பெட்டியைப் பார்த்து எழுத்து எழுத்தாய் வாசித்தாள். ஒன்பது பதினெட்டுக்கு அடித்தேன். "முருங்கைக்காய் நல்லாக் கிடக்கு, எத்தினை வேணும்?" "என்னத்துக்கு இப்ப முருங்கைக்காய்? சரி, மூண்டு எடுங்கோ." இன்னும் ஒருதரம் அடித்தேன். அப்போது உன் சத்தம் எனக்கே போனில் கேட்டது. "இஞ்சாருங்கோ, தம்பி கத்துறான், நான் வைக்கிறன்" என்றாள். நான் கடைக்குள் போய் மூன்று முருங்கைக்காய் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது நீ படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். அம்மா குசினி வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும், "அப்பா, நீங்க எக்ஸ்பேர்ட்தானே, சொல்லுங்கோ. அம்மா போனை எடுத்தா ஏன் நெற் விழுது? இவ்வளவு நாளும் விழேல்லையே!" என்று கேட்டாய். சரியான கேள்வி. நீ கெட்டிக்காரன்தான், அன்றைக்கு இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். நான் மேலே போனேன், கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தேன், பெரிய டாக்டர் மாதிரி ஹும் என்றேன். பிறகு இறங்கி வந்து சொன்னேன்: "பில்டரைக் காணேல்லை. துடைக்கேக்க அம்மா கழட்டிப்போட்டு, போனை மட்டும் திரும்பக் கொளுவியிருக்கிறா." அம்மா அன்று காலையில் கட்டிலுக்குப் பக்கத்துப் போன் மேசையைத் துடைத்திருந்தாள். அதனால் அவள் அதை நம்பினாள். "ஐயோ, நானோ? எனக்குத் தெரியாதே ராசா, தூசி எண்டுதானே துடைச்சனான்" என்றாள். நீ அவளைப் பார்த்து இங்கிலிஷில் கத்தியதை நான் இங்கே எழுதப்போவதில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். நான் வானில் இருந்து புதுப் பில்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொளுவிவிட்டு, "இனிப் பிரச்சினையில்லை" என்றேன். பத்திரமாய்ச் சொன்ன பொய்யைவிட அந்தக் கடைசிச் சொல்தான் பெரிய பொய்யாகிப் போனது.

அந்தக் கம்பனிக்காரர் நல்ல மனுசர், வியாழக்கிழமை இன்னொரு தரம் பேசலாம் என்று எழுதியிருந்தார்கள். நீ அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாய். நீ நம்பமாட்டாய், ஆனால் அப்போது எனக்குக் கோபம் ஆறிப்போயிருந்தது. அம்மா இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை. பெடியன் போகட்டும் என்றே நினைத்தேன், கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தேன். ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குள் லைன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மெஷின் இருக்கிறது. ஒரு லைன் அடுத்தடுத்து விழுந்தால் அதற்கு ஏதோ வியாதி என்று முடிவுகட்டி, விழாமல் இருப்பதற்காக அதன் வேகத்தைக் குறைத்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை விளையாடியது, செவ்வாய்க்கிழமை அடித்தது எல்லாவற்றையும் அது எண்ணி வைத்திருந்தது. நோயாளி லைன் இப்போது குற்றுயிர். எனக்குத் தெரிந்த ஒருத்தனைக் கேட்டேன், "பத்துப் பதினைஞ்சு நாள் தொடாமல் விடு, தன்ரபாட்டில ஏறும்" என்றான். அந்த மெஷினை யாராலும் கெஞ்ச முடியாது. உன்னை வேறு யார் வீட்டிலாவது போயிருந்து பேசச் சொல்லியிருக்கலாம். சொன்னால், புதுப் பில்டர் போட்ட பிறகும் ஏன் லைன் சரியில்லை என்று கேட்பாய். அந்தப் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை உன் படம் உறைந்து உறைந்து, உன் குரல் அவர்களுக்குத் துண்டு துண்டாய்ப் போய், கால் மணித்தியாலத்தில் நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள். "அம்மா பழுதாக்கின லைன்" என்று நீ சொன்னாய். நான் தலையாட்டினேன்.

இனி உன் பங்கையும் சொல்லத்தான் போகிறேன், எல்லாப் பழியையும் நானே தின்றுவிட்டுப் படுக்க மாட்டேன். நீ அதற்குப் பிறகு ஒரு தரமாவது வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தாயா? இல்லை. ஒரு ஒபிசில் கொம்பியூட்டர் திருத்துகிற வேலைக்குப் போனாய், அம்மாவை ஒன்பது வருடம் டயாலிசிசுக்கு ஏற்றி இறக்கினாய், மழை பனி பார்க்கவில்லை. சனம் உன்னைப் பார்த்து "பிள்ளையெண்டால் இவன்" என்றது. எல்லாம் சரி. ஆனால் காரில் போகும்போதும் வரும்போதும் எத்தனை தரம் அந்த ரெலிபோன் கதையை அவளுக்கே சொல்லிக் காட்டினாய்? பகிடியாய்த்தான் சொன்னாய். பகிடியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவனுக்கு அது பகிடி, கேட்கிறவளுக்கு என்னவென்று நீ யோசித்தாயா? அந்த மாதம் தொடக்கம், வீட்டுப் போன் அடித்தால் அம்மா உடனே எடுக்க மாட்டாள், நீயும் பார்த்திருக்கிறாய். படிக்கட்டடியில் நின்று, "தம்பி, கொம்பியூட்டரில நிக்கிறியோ? நான் இதை எடுக்கலாமோ?" என்று கேட்பாள். நீ "ஓம் ஓம், எடுங்கோ" என்று சொல்வதற்குள் போன் நின்றுபோகும். பிறகு தெருமுனைப் பச்சைப் பெட்டிவரை பைபர் என்கிற கண்ணாடிக் கம்பி வந்து, செப்பு அங்கிருந்து வீட்டுக்கு மட்டும் என்றாகி, இணையம் வேகமாய்ப் பறந்தது. அப்போதும் கேட்டாள். உனக்கு அது சிரிப்பு. "அம்மா, இப்ப டெக்னோலஜி மாறீட்டுது" என்பாய்.

அவளுக்குத் தெரியும், மகன். அதைத்தான் நான் சொல்ல வந்தேன், சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் இரண்டாவது நேர்முகம் முடிந்து ஒரு கிழமைக்குள், சனிக்கிழமை, அவள் என் வேலைக் காற்சட்டையைத் தோய்க்கப் போட எடுத்தாள். அதற்கு எட்டுப் பொக்கற். எல்லாவற்றையும் துழாவி ஆணி, கம்பித் துண்டு எடுத்துவிட்டுத்தான் மெஷினுக்குள் போடுவாள். தொடைப் பக்கத்துப் பொக்கற்றில் பழைய பில்டர் கிடந்தது. அதன் மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு, ஒருகாலம் எது எந்த அறைக்கு என்று அடையாளம் தெரிய அவளே வைத்தது. நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கொண்டுவந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது உங்கட பொக்கற்றுக்குள்ள கிடந்தது" என்றாள். டூட்டிங்கில் இருந்து எத்தனை தரம் அடித்தேன், என்ன கேட்டேன் என்று அவளுக்குத் தெரியும்தானே, கணக்குப் போட எவ்வளவு நேரம் செல்லும்? அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது அந்தச் சாமானை என் முகத்தில் எறிவாள் என்று. கதிரையை இழுத்து முன்னால் இருந்தாள். "தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "என்னோட கோவிச்சா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சிட்டுச் சாப்பிட வந்திடுவான். உங்களோட கோவிச்சா அவன் போயிடுவான்." பிறகு எழும்பிப்போய் மெஷினைப் போட்டாள்.

படிக்கட்டடியில் நின்று கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். தெரிந்துகொண்டே கேட்டாள். நீ சந்தேகப்படக்கூடாது என்று கேட்டாள், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றும் கேட்டாளோ தெரியாது. என்னோடு சண்டை பிடிக்கவில்லை, என்னை வெறுக்கவும் இல்லை, மருந்துக்கு அலாரம் வைத்தால் எனக்கும் சேர்த்து வைத்தாள். அதற்குப் பிறகு முருங்கைக்காய் மட்டும் அவள் சமைக்கவே இல்லை. நீ கேட்டபோது கிட்னிக்காரருக்கு ஆகாது என்று சொன்னாள்.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் நீ அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். நான் ஜன்னலோரக் கதிரையில். நீ சொன்னாய், "அம்மா, சிங்கப்பூர் விஷயத்தில நான் உங்களை எப்பவோ மன்னிச்சிட்டன், அதை மனசில வைச்சிருக்காதேங்கோ" என்று. அன்பாய்த்தான் சொன்னாய், உன் கண் கலங்கியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தரமாவது பார்த்திருந்தால் நான் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் பொய்தான், சொல்லியிருக்க மாட்டேன். "சரி ராசா" என்றாள். செய்யாத பிழைக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு என் மனுசி கண்ணை மூடினாள். பாவி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் தகப்பன், சொல்லாமல் விடவும் முடியவில்லை. உனக்குக் கொம்பியூட்டர் தெரியும், அபிராமிக்குத் தெரியாது. ஒரு நாள் வீட்டில் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் போகும், அவள் உன்னைக் கேட்பாள். அப்போது "நீ ஏதோ தட்டிப்போட்டாய்" என்று சொல்ல வாய் உன்னும். அது உண்மையா என்று பார்த்துவிட்டுச் சொல். வீட்டில் ஒருவனுக்கு மட்டும் விளங்குகிற விஷயத்தில் அவன் சொல்வதுதான் தீர்ப்பு, மற்றவர்கள் அதை அப்படியே தலையில் ஏற்றிக்கொள்வார்கள். நான் எக்ஸ்பேர்ட் என்று நீயே கூப்பிட்டுக் கேட்டாய், அம்மாவும் நம்பினாள், ஞாயிற்றுக்கிழமை உன் மாமனாரும் நம்பினார். இருபத்திரண்டு வருடம் எத்தனையோ வீட்டு லைனை நேர்மையாய்த் திருத்திக் கொடுத்தேன், ஒருத்தரும் என்னைக் குறை சொன்னதில்லை. என் வீட்டு லைன் ஒன்றில்தான் கை வைத்தேன்.

மன்னித்துக்கொள் என்று கேட்கப்போவதில்லை. உன் மன்னிப்பு எப்படி இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டேன், அது எனக்கு வேண்டாம். அம்மாவிடம் நீ கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை எங்கே போய் எப்படிக் கேட்பாயோ எனக்குத் தெரியாது, அது உன் பாடு. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்களை ஹீத்ரோவுக்கு ஏற்றிப்போக என்னை வரச் சொல்லியிருந்தாய். நான் வருவேன். பெல் அடிக்க மாட்டேன், வாசலில் காருக்குள் இருப்பேன். நீங்கள் டாக்சிக்குச் சொல்லியிருந்தால் அதில் பெட்டியை ஏற்றுங்கள், என் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுமென்று இல்லை. என்னோடு கோவித்தால் நீ போய்விடுவாய் என்று அவள் பயந்து, பயந்து, உன் கோபத்தை எல்லாம் தானே வாங்கி வைத்துக்கொண்டு செத்தாள். நீ இப்போது எப்படியும் போகிறாய். போகிறதென்றால் சரியான ஆளோடு கோவித்துக்கொண்டு போ.

அப்பா